நிறுத்துவது அவர்கள் விருப்பம்

அந்தக் கடிதத்தில் மொத்தமே எட்டு வரிகள். ஏழு வரிகளை எப்படியோ எழுத்துக்கூட்டிப் புரிந்துகொண்டேன். எட்டாவது வரியில் இருந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையில் மாட்டிக்கொண்டேன். முதலில் அதை ‘செக்ரீஷன்’ என்று வாசித்தேன். நர்ஸ் பயிற்சியில் நான் படித்த இங்கிலீஷ் எல்லாம் உடம்பைச் சுற்றியே இருந்தது. செக்ரீஷன் என்றால் சுரப்பது, கசிவது. பஸ் நிற்பதற்கும் கசிவதற்கும் என்ன சம்பந்தம் என்று விழித்துவிட்டு, விரல் வைத்து மறுபடியும் வாசித்தேன். டிஸ்கிரிஷன். அதற்குப் பிறகு நாலைந்து வருடங்கள் அந்த வார்த்தை என்னைப் படாத பாடு படுத்தியது. இன்றைக்கும் எந்த அரசாங்கக் காகிதத்திலாவது அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

தொண்ணூற்றேழில் என்னைக் கொல்லிமலைக்கு மாற்றினார்கள். அரியூர் நாட்டில், அந்த மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள், ஒரு துணை சுகாதார நிலையம். ஒரு கட்டில், ஒரு எடை மெஷின், ஒரு மர பீரோ, பின்னால் நான் தங்குவதற்கு ஒரு சின்ன அறை. என் கணவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்தார். மகள் அவரோடு கீழே இருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் இறங்கினால் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மேலே வந்துவிடுவேன். அந்த மலைக்கு நான்தான் ‘நர்சம்மா’. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

என் பொறுப்பில் இருந்த ஊர்களில் ஒன்று பள்ளத்தில் இருந்தது. கீழே நெல் வயல், சரிவெல்லாம் குச்சிக்கிழங்கும் சாமையும். ஊரிலிருந்து ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேரம் ஏறினால் தார் ரோடு. பாதை ரோட்டைத் தொடுகிற இடத்தில் ஒரு வளைவு. பஸ் அங்கே நிற்காது. கண்டக்டர்கள் பாஷையில் அது ஸ்டேஜ் இல்லை. மேலே மூன்று கிலோமீட்டரில் ரேஷன் கடை ஸ்டாப், என் நிலையம் இருந்ததும் அங்கேதான். கீழே நாலு கிலோமீட்டரில் அடுத்த ஸ்டாப். பள்ளத்து ஊர்க்காரர்கள் மேலே நடப்பார்கள், அல்லது கீழே நடப்பார்கள். மிளகு மூட்டையானாலும் நிறைமாத வயிறானாலும் நடைதான்.

அடுத்த வருடம் பலாப்பழ சமயத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த ஊருக்குப் போயிருந்தேன். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். தலைப்பிரசவம். வயசு பத்தொன்பது, இருபது இருக்கும். கால் வீங்கி, கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது. பிரஷர் பார்த்தேன். ஒரு தடவை பார்த்துவிட்டு நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன்.

“தலை வலிக்குதா கண்ணு?”

“ரெண்டு நாளா வலிக்குதுங்க. கண்ணு முன்னால பூச்சி பறக்கறாப்புல இருக்குதுங்க.”

அவள் புருஷனைக் கூப்பிட்டேன். வயலில் இருந்து சேற்றுக் காலோடு வந்து நின்றான். அதிகம் பேசாதவன். சொன்னதைச் சொன்னபடி செய்வான்.

“இன்னிக்கு பஸ் போயிருச்சு. நாளைக்குக் காலையில பஸ்ஸுல கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரணும். தள்ளிப் போடக் கூடாது.”

“நீங்களும் வாரீங்களா நர்சம்மா?”

“நாளைக்குப் புதன்கிழமை. குழந்தைகளுக்கு ஊசி போடற நாள். சீட்டு எழுதித் தர்றேன், அதைக் காட்டினா அங்க உடனே பார்ப்பாங்க. இவளை ஸ்டாப்பு வரைக்கும் நடக்க வைக்க வேண்டாம். வளைவுல நின்னு சீட்டைக் காட்டி பஸ்ஸை நிறுத்துங்க. நர்சம்மா அனுப்பினாங்கன்னு சொல்லுங்க.”

அவன் சீட்டை வாங்கி மடிக்காமல் ஒரு நோட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

மறுநாள் ஒன்பதரை மணி பஸ் ரேஷன் கடை முன்னால் வந்து நின்றதை நான் கேட்டேன். ஹாரன் சத்தம் கேட்டது. வெளியே போய்க் கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்று தோன்றியது. அதற்குள் ஒரு தாய் அழுகிற குழந்தையை என் கையில் கொடுத்தாள். ஐஸ் பெட்டி திறந்திருந்தது. வரிசையில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சீட்டு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். பஸ் கிளம்பிவிட்டது.

வளைவில் அது நிற்கவில்லை. அவன் ரோட்டோரத்தில் நின்று சீட்டை ஆட்டியிருக்கிறான். அவள் கல்லின் மேல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். பஸ் தாண்டிப் போன பிறகு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஸ்டாப்புக்கு நடக்க அவளால் முடியாது என்பதால், நாளைக்குப் பார்க்கலாம் என்று கீழே இறங்கிவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் அவளுக்குக் கையும் காலும் இழுத்துக்கொண்டது. மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். ஒருவன் ஓடி வந்து என்னிடம் சொன்னான். நான் வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு ஜீப் நின்றிருந்தது. அடிவாரத்து டவுன்காரர், பலாவும் மிளகும் வாங்கும் வியாபாரி, எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள். யாரும் கை காட்டுவதற்கு முன்பே நிறுத்தியிருக்கிறார். ஏற்றிக்கொண்டு வந்த பலாப்பழங்களை ஒவ்வொன்றாக ரோட்டில் இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றிரண்டு சரிவில் உருண்டு போனதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் நான் அவளுடைய தலையை மடியில் பிடித்துக்கொண்டே போனேன். அவள் பிழைத்தாள். குழந்தை இறந்தே பிறந்தது. பெண் குழந்தை.

திரும்பி வரும்போது ஜீப்பில் பாய் கேட்டார்.

“பஸ்காரன் நிறுத்தலைன்னா, அதை எழுதிப் போட வேண்டாமா தங்கச்சி? அந்த எடத்துல ஒரு ஸ்டாப் வேணும்னு மனு குடுங்க. எங்க கடைக்குப் பக்கத்துலயே டைப் அடிக்கறவர் இருக்கார். இங்கிலீஷ்ல அடிச்சு அனுப்புங்க. தமிழ்ல போனா கட்டுல சொருகிருவான். இங்கிலீஷ்ல போனா பதில் போட்டே ஆகணும்னு ஒரு பயம் இருக்கும்.”

மனு தயாரானது. நான் கையெழுத்துப் போட்டேன், பள்ளத்து ஊர்க்காரர்கள் கைநாட்டு வைத்தார்கள். நாலு மாதம் கழித்து டெப்போவிலிருந்து பதில் வந்தது. பாய் சொன்னது சரிதான், பதில் வந்தது. ஆனால் அதுவும் இங்கிலீஷில் வந்தது.

சனிக்கிழமை இறங்கும்போது அவர் கடையில் போய்க் கடிதத்தை நீட்டினேன். கல்லாவுக்குப் பின்னால் அவர் மகள் காலேஜில் படிக்கும்போது வாங்கிய அகராதி ஒன்று இருந்தது. அட்டை கிழிந்து, மிளகு வாசனை ஏறிப் போயிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார்.

“இந்தா இருக்கு. முதல் அர்த்தம், விவேகம். நல்லது கெட்டது பார்த்து நடக்கிறது.” எனக்கு மனசு குளிர்ந்தது. “ரெண்டாவது, தன் விருப்பப்படி முடிவு எடுக்கிற உரிமை.”

“ரெண்டும் வேற வேறயா இருக்கே பாய்?”

“ஒரே வார்த்தைதான்.”

“கடுதாசியில எது?”

அவர் அந்த வரியை மறுபடி படித்தார். குறிப்பிட்ட இடம் அனுமதிக்கப்பட்ட நிறுத்தம் இல்லை. இருந்தாலும் அவசரத் தேவை உள்ள பயணிகளுக்காக, டிரைவரும் கண்டக்டரும் தங்கள் டிஸ்கிரிஷன்படி அங்கே வண்டியை நிறுத்தலாம். இவ்வளவுதான்.

“நீங்க முதல் அர்த்தத்துல படிச்சா பஸ் நிக்கும்” என்றார். “அவுங்க ரெண்டாவது அர்த்தத்துல படிச்சா நிக்காது. எதுல எழுதினாங்கன்னு எழுதினவரைத்தான் கேக்கணும்.”

எழுதினவரைக் கேட்டுவிடுவது என்று, ஒரு நாள் லீவு போட்டுவிட்டு டெப்போவுக்கே போனேன். மேனேஜர் மரியாதையானவர். உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“உங்களுக்குச் சாதகமாத்தானேம்மா எழுதியிருக்கோம்?”

“‘நிறுத்தலாம்’னு இருக்குங்க சார். ‘நிறுத்தணும்’னு எழுதித் தாங்க.”

“அப்படி எழுதினா அது ஸ்டாப் ஆயிரும். ஸ்டாப்னா வளைவுல பாதுகாப்பு இருக்கான்னு பார்க்கணும், டைம் மாத்தணும், மேலிடத்து உத்தரவு வேணும். அது என் கையில இல்லை. என் கையில இருக்கிறதை நான் குடுத்துட்டேன்.”

“எதைக் குடுத்தீங்க சார்?”

“டிஸ்கிரிஷன்.”

“அவுங்க நிறுத்தலைன்னா நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?”

“யார்கிட்டயும் கேக்க முடியாதும்மா. அதுக்குப் பேருதான் டிஸ்கிரிஷன்.”

கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு பாடத்தை விளக்குகிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமைதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். வெளியே வந்த பிறகு அதுவும் சின்னத்தனமாகத் தெரிந்தது.

அடுத்தது கண்டக்டர். அந்தப் புதன்கிழமை வண்டியில் இருந்தவரே ஒரு திங்கட்கிழமை வந்தார். முன்னால் சீட்டில் உட்கார்ந்து கடிதத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்ததே இல்லை. டெப்போவில் யாரும் சொல்லவும் இல்லை.

“அன்னிக்கு வளைவுல ஒரு ஆள் காகிதத்தை ஆட்டினாருங்களே, ஞாபகம் இருக்குங்களா?”

அவர் முகம் மாறியது. “இருக்குதுங்க. கடுதாசி குடுத்து உடறாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். மலையில தெனமும் யாராச்சும் ஒரு கடுதாசியோ சாவியோ குடுத்து உடுவாங்க. வண்டி முழுக்கக் கூட்டம். கல்லு மேல அந்தப் புள்ள உக்காந்திருந்தத நான் பாக்கலீங்க. சத்தியமாப் பாக்கலீங்க.”

“இனிமே நிறுத்துவீங்களா?”

அவர் டிக்கெட் கட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். 

“நர்சம்மா, நான் நெசத்தச் சொல்லட்டுங்களா? ஸ்டேஜ் இல்லாத எடத்துல நிறுத்தினா, செக்கிங் வந்தா மெமோ. கீழ போய்ச் சேர லேட்டானா டிரைவருக்கு மெமோ. நிறுத்தாமப் போனா எந்த மெமோவும் இல்லீங்க. போன வருசம் ஒருத்தர் ஒரு கெழவரப் பாத்துப் பரிதாபப்பட்டு நிறுத்துனாரு. மூணு மாசம் வெளக்கம் எழுதிக் குடுத்துக்கிட்டே இருந்தாரு. எங்க இஷ்டம்னு எழுதியிருக்காங்க, சரி. எங்க இஷ்டப்படி நடந்தா எங்க பக்கம் நிக்கறதுக்கு யாரு இருக்காங்க? நீங்க என் எடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க, சொல்லுங்க.”

அதுவரைக்கும் அவரைத் திட்டுவதற்காக மனசுக்குள் பல வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். அவையெல்லாம் வீணாகிவிட்டன.

இதற்கு நடுவில், குழந்தை இறந்ததைப் பற்றி நான் ஒரு அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கு மேலே இருந்த டாக்டரம்மா கூப்பிட்டு விசாரித்தார். கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். எங்கள் துறையின் வழிகாட்டுக் குறிப்பைப் பிரித்து ஒரு வரியில் விரல் வைத்தார்.

“ஆபத்தான கேஸை அனுப்பும்போது நர்ஸ் கூடப் போகலாம்னு இருக்கு பாருங்க. நீங்க ஏன் போகலை?”

“புதன்கிழமை டாக்டர். ஊசி நாள்.”

“அது சரி. ஆனா போகணுமா, வேண்டாமாங்கறது உங்க டிஸ்கிரிஷன்.”

அந்த வரியை நானே வாசித்தேன். அதே வார்த்தை. ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தக் குறிப்பு என் பீரோவில் இருந்திருக்கிறது, நான் அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை.

டாக்டரம்மா அறிக்கையில் என்மேல் குற்றம் எதுவும் எழுதவில்லை. ‘சூழ்நிலை கருதி எடுத்த முடிவு’ என்று முடித்துவிட்டார். ஆனால் எனக்குத் தெரியும். குழந்தைகளை மறுநாள் வரச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்தால் மருந்தையும் ஐஸையும் இரண்டாவது தடவை கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் ஸ்டோரில் இருப்பவர் முகத்தைச் சுளிப்பார், கணக்கு எழுதும்போது முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பைக் கேட்க நான் விரும்பவில்லை. கூடப் போகவேண்டாம் என்று நான் எடுத்த முடிவில் விவேகம் எவ்வளவு, விருப்பம் எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இரண்டுக்கும் ஒரே வார்த்தையை வைத்திருப்பவர்கள்மேல் அதனால்தான் அவ்வளவு கோபம் வந்ததோ என்னவோ.

அந்தப் பெண்ணின் புருஷன் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினான். அவளுக்கு ரத்தம் ஊற மாத்திரை வாங்க வந்திருந்தான். வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினான்.

“ஏனுங்க நர்சம்மா, அன்னிக்கு பஸ் மொதல்ல இங்க வந்துதானுங்களே எங்ககிட்ட வந்துது? நீங்க கண்டக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்களா?”

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான்.

“நிறுத்தியிருப்பாங்கப்பா” என்றேன்.

“அப்படீங்களா” என்றான். “சரிங்க, வாரேனுங்க.”

அவன் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டாயிரத்தில், மழை விட்டிருந்த ஒரு காலையில், அதே பள்ளத்து ஊரிலிருந்து இன்னொரு பெண்ணுக்கு உதிரம் போகிறதென்று ஆள் வந்தது. மூன்றாவது பிரசவம், இன்னும் நாள் இருந்தது. அன்றைக்கும் புதன்கிழமைதான். வந்திருந்த தாய்மார்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு நிலையத்தைப் பூட்டினேன். அவர்கள் திட்டிக்கொண்டே போனார்கள். அரைமணி நேரத்தில் பஸ் வரும், அதில் ஏறிக் கண்டக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. ‘பார்க்கலாங்க’ என்று சொல்லிவிட்டால்? நடந்தே வளைவுக்குப் போனேன், பாதி தூரம் ஓடினேன்.

அவளைத் தூளியில் மேலே கொண்டு வந்திருந்தார்கள். பஸ் சத்தம் கேட்டதும் ரோட்டின் நடுவில் போய் நின்று குடையை விரித்துப் பிடித்தேன். ஏன் குடையை விரித்தேன் என்று தெரியவில்லை. பெரிதாகத் தெரிவேன் என்று நினைத்திருக்கலாம்.

டிரைவர் புதுசு. பிரேக் போட்டு, வண்டி இரண்டடி தள்ளி நின்றது.

“சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா? ஒதுங்குங்க!”

“இவளை ஏத்தினதும் ஒதுங்கறேன்.”

“இது ஸ்டேஜ் இல்லீங்க!”

“எனக்குத் தெரியும்.”

உள்ளே இருந்தவர் அதே பழைய கண்டக்டர். பின் கதவைத் திறந்தார், கடைசி நீளச் சீட்டில் இருந்தவர்களை எழுப்பினார், இறங்கி வந்து தூளியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். எங்களுக்கு ரேஷன் கடை ஸ்டாப்பிலிருந்து ஏறியதாக டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அவ்வளவுதான் அவரால் செய்ய முடிந்தது. அது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கீழே ஆபரேஷன் செய்தார்கள். தாயும் பிழைத்தாள், ஆண் குழந்தையும் பிழைத்தது.

மூன்று வாரத்தில் எனக்கு மெமோ வந்தது. பொது வாகனத்தை மறித்து, பயணிகளுக்கு ஆபத்து ஏற்படுத்தியதாக டிரைவர் புகார் கொடுத்திருந்தார். எங்கள் துறை வழியாக விளக்கம் கேட்டிருந்தார்கள். பாயும் நானும் உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு விளக்கம் தயார் செய்தோம். ஆபத்தான நோயாளியோடு செல்வது என் டிஸ்கிரிஷனுக்கு விடப்பட்டிருக்கிறது, அதைப் பயன்படுத்தியே நான் ரோட்டில் நின்றேன் என்று ஒரு வரி. அந்த வார்த்தையை நான் முதல் தடவையாக எனக்காகப் பயன்படுத்தினேன். பாய் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

டாக்டரம்மா அந்த வரியைப் பேனாவால் அடித்தார்.

“இது போனா உங்களுக்குக் கெடுதல். திமிர்னு எடுத்துக்குவாங்க. ‘நடந்ததற்கு வருந்துகிறேன், இனி இவ்வாறு நடக்காது’ன்னு எழுதிக் குடுங்க. நான் பேசி முடிச்சு விடறேன்.”

“குறிப்புல அப்படித்தானே டாக்டர் இருக்கு? கூடப் போகலாமா வேண்டாமான்னு நான்தானே முடிவு பண்ணணும்?”

“கூடப் போறது உங்க டிஸ்கிரிஷன். பஸ்ஸை நிறுத்தறது அவுங்க டிஸ்கிரிஷன். ஒருத்தரோடது இன்னொருத்தர் ரோட்டுல செல்லாது.”

“பஸ் நிக்காம எப்படி டாக்டர் கூடப் போறது?”

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். அவர் எனக்கு நல்லதுதான் செய்தார், இன்க்ரிமென்ட் வெட்டாமல் காப்பாற்றினார். ஆனாலும் அந்தத் தாளில் வருந்துகிறேன் என்று எழுதும்போது என் கை அப்படி அழுத்தியது, நிப் கீறி அடுத்த தாளிலும் பதிந்துவிட்டது. நான் எதற்காகவெல்லாமோ வருந்த வேண்டியவள். அந்த ஒன்றுக்காக மட்டும் வருந்தவில்லை.

இந்தக் கலாட்டா ஊராட்சி வரைக்கும் போனது. உறுப்பினர் ஒருவர் என்னிடமிருந்த டெப்போ கடிதத்தை வாங்கிக்கொண்டு போய், யாரிடமோ தமிழ்ப்படுத்திக் கேட்டு, வளைவில் ஒரு தகரப் போர்டு வைத்துவிட்டார். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து. ‘இங்கு பேருந்து ஓட்டுநர் விருப்பப்படி நிற்கும்.’

பார்த்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

“ஏனுங்க, ‘அவசரத் தேவைக்கு’ன்னு ஒரு வார்த்தை கடுதாசியில இருக்குதுங்களே, அது எங்க போச்சு? ‘விருப்பப்படி’ன்னு எழுதினா என்ன அர்த்தம் வரும்?”

“நிக்கும்னு தானுங்க எழுதியிருக்குது?”

“விருப்பம் இல்லைன்னா?”

“அதென்னுங்க நர்சம்மா, போர்டு வெச்சதும் நீங்க சந்தோசப்படுவீங்கன்னு பாத்தா, வந்து எழுத்துல குத்தம் கண்டுபிடிக்கறீங்க” என்று அவர் மனசு சங்கடப்பட்டார். பெயின்ட் காய்ந்துவிட்டது என்றார். அதற்குமேல் நான் என்ன சொல்வது?

போர்டு வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. முன்பெல்லாம் பஸ் நிற்காது என்று எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரியும், நேரத்தோடு கிளம்பி ஸ்டாப்புக்கு நடந்துவிடுவார்கள். இப்போது போர்டை நம்பி வளைவிலேயே நின்றார்கள். சில நாள் நின்றது, பல நாள் நிற்கவில்லை. சந்தைக்குப் போகிறவர்கள் சந்தையைத் தவறவிட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்து, “போர்டுல எழுதியிருக்குதுங்களே நர்சம்மா” என்று கேட்டவர்களுக்கு நான் எதைச் சொல்வது? கடைசியில் ஊர் ஊராகப் போய், போர்டை நம்பாதீர்கள், ஸ்டாப்புக்கு நடங்கள் என்று சொன்னேன். எந்த நடையை ஒழிக்க மனு போட்டேனோ, அந்த நடையையே நடக்கச் சொல்லி வீடு வீடாகக் கேட்டுக்கொண்டேன். மறுபடியும் இரண்டு மனுக்கள் அனுப்பினேன், இந்தத் தடவை தமிழில். பதில் வரவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு நாள் அந்தப் பழைய கண்டக்டர், ரேஷன் கடை முன்னால் வண்டி நின்றதும் இறங்கி என் நிலையத்துக்கே வந்தார்.

“நர்சம்மா, சேதி தெரியுங்களா? வளைவு ஸ்டேஜ் ஆயிருச்சுங்க. உத்தரவு வந்துருச்சு. எல்லா வண்டியும் கட்டாயம் நிக்கணும்.”

“எங்க மனுவைப் பார்த்துட்டாங்களா?”

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்.

“மனுவெல்லாம் இல்லீங்க. மேலிடத்துல இருந்து ஒரு பெரிய அதிகாரி குடும்பத்தோட மலை பாக்க வந்திருக்காரு. வளைவுல இருந்து பள்ளத்து வயலப் பாத்தா நல்லா இருக்குதுன்னு அவரு வீட்டம்மாவுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சாம். இங்க பஸ் நிக்காதான்னு கேட்டாங்களாம். ஒரே வாரத்துல உத்தரவு.”

“சர்வே? பாதுகாப்பு? டைம் மாத்தறது?”

“அதெல்லாம் யாருங்க பாத்தா? நல்லதுதானுங்களே, எப்படியோ வந்துருச்சில்ல?”

“ஆமாங்க” என்றேன். “வந்துருச்சு.”

முதல் பிரசவத்தில் குழந்தையை இழந்த அந்தப் பெண் அப்போது மறுபடியும் உண்டாகியிருந்தாள். ஐந்தாவது மாதம். அந்த வாரமே அவளைக் கீழே ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நான் காலையிலேயே பள்ளத்துக்கு இறங்கி, அவளோடும் அவள் புருஷனோடும் மெதுவாக ஏறி வந்தேன். வளைவில் நின்றோம். பஸ் வந்தது. அவன் பழக்கத்தில் கையைத் தூக்கினான். தூக்குவதற்கு முன்பே டிரைவர் வேகத்தைக் குறைத்துவிட்டிருந்தார். வண்டி சரியாக எங்கள் முன்னால் வந்து நின்றது.

அவளை ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தேன். மூன்று டிக்கெட் வாங்கினேன். புருஷன் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு திரும்பித் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டு வந்தான். நானும் சிரிக்கத்தான் முயன்றேன். சோளக்காடு என்ற ஊரைத் தாண்டி வண்டி கீழே இறங்கத் தொடங்கிய பிறகும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.